ஓடத் தொடங்கி இரண்டு வாரத்தில் நின்றுபோகிறது. தொடர்ந்து ஓட என்ன செய்வது?

"ஐந்து நிமிடம் ஓடுவதற்குள் மூச்சு முட்டுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வாரம் ஓடுகிறேன், மூன்றாவது வாரம் நின்றுவிடுகிறது. எனக்கு ஓட்டம் ஒத்துவராதோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒத்துவரும். நீங்கள் வேகமாக ஓடுகிறீர்கள், அவ்வளவுதான். மூச்சு முட்டுவதற்கும் மூன்றாவது வாரம் நின்றுபோவதற்கும் அது ஒன்றே காரணம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் ஓடி நான் பார்த்ததில்லை. ஆனாலும் இதைத் தைரியமாகச் சொல்லக் காரணம், புதிதாக ஓட வந்து என்னிடம் பேசிய எல்லாருமே இப்படித்தான் தொடங்கினார்கள். நானும்தான். ஓட்டம் என்றாலே நம் உடம்புக்குப் பள்ளியில் விசில் ஊதியதும் பாய்ந்த நூறு மீட்டர்தான் ஞாபகம். இருபது வருடம் கழித்து ஷூவை மாட்டினாலும் கால் அந்த வேகத்தையே தேடிப் போகிறது.

நான் தொடங்கியது 37 வயதில். முதல் நாள் எங்கள் தெருவின் ஐந்தாவது விளக்குக் கம்பத்தில் கையை ஊன்றி நின்றேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. வாயில் இரும்பை நக்கியதுபோல ஒரு சுவை, காதுக்குள் இரைச்சல். நாளை மறுநாளும் இதையே செய்ய வேண்டும் என்று நினைத்தபோதே மனம் பின்வாங்கிவிட்டது. அப்படி இரண்டு முறை தொடங்கி இரண்டு முறை விட்டேன். மனஉறுதி போதவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் தண்டனைபோல முடிகிற ஒரு காரியத்தை மனம் தள்ளிப்போடத்தான் பார்க்கும். அதன்மேல் எவ்வளவு உறுதியைக் கொட்டினாலும் சில வாரத்தில் தீர்ந்துபோகும்.

சரி, எவ்வளவு மெதுவாக ஓடுவது? ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். தனியாக ஓடினால் வாய்விட்டு எதையாவது சொல்லிப் பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹிரோஅகி தனகா இந்த வேகத்துக்கு 'நிகோ நிகோ' என்று பெயர் வைத்தார். ஜப்பானிய மொழியில் அது புன்னகையைக் குறிக்கும் சொல். சிரித்த முகம் மாறாமல் ஓட முடிகிற வேகம். தொடக்கத்தில் அது வேகநடையைத் தாண்டாது, சில நாள் அதைவிடவும் மெதுவாக இருக்கும். அடியைச் சின்னதாக வையுங்கள், வேகம் தானாகக் குறையும்.

அந்த வேகத்திலும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல ஓட முடியவில்லையா? நடுநடுவே நடந்துவிடுங்கள். மூன்றாவது முறை நான் தாக்குப்பிடித்தது இதனால்தான். 'கவுச் டு 5கே' என்று ஒரு திட்டம் இருக்கிறது, சோஃபாவில் உட்கார்ந்திருப்பவரை 5 கிலோமீட்டர் ஓடவைப்பது. ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-இல் உருவாக்கியது. வாரத்துக்கு 3 நாள், மொத்தம் 9 வாரம். முதல் வாரத்தில் 5 நிமிடம் வேகநடை, பிறகு 60 விநாடி ஓட்டமும் 90 விநாடி நடையும் மாறி மாறி 20 நிமிடம். ஒவ்வொரு வாரமும் ஓட்டம் கொஞ்சம் நீளும். முதல் வாரம் முடிந்ததும் இரண்டாவதுக்குப் போயே ஆகவேண்டும் என்பதில்லை, நான் மூன்றாவது வாரத்தை இரண்டு தடவை செய்தேன். நடந்துவிட்டால் அது ஓட்டமே இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஜெஃப் கேலோவே 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். நடுவில் நடந்து நடந்தே மாரத்தானை முடிக்கும் முறையைப் பல ஆயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

அந்தத் திட்டத்தின் ஐந்தாவது வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் நாள் 5 நிமிடமாக மூன்று ஓட்டம். இரண்டாவது நாள் 8 நிமிடமாக இரண்டு. மூன்றாவது நாள் ஒரேயடியாக 20 நிமிடம், நடுவில் நடை கிடையாது. அட்டவணையில் அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றைக்குப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், மணியடிக்கும்வரை எடுத்துப் பார்ப்பதில்லை என்று முடிவு. ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கையை வீசிக்கொண்டு நடைபோட்டு வந்த ஒரு பெரியவர் என்னைத் தாண்டி முன்னால் போனார். கால் தானாக வேகமெடுக்கப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். அவர் வளைவில் திரும்பி மறையும்வரை அதே சின்ன அடி, அதே மூச்சு. மணி அடித்தபோது இன்னும் ஓட முடியும்போல இருந்தது. அந்த ஐந்து வாரத்தில் நான் செய்த மிகச் சரியான காரியம் அந்தப் பெரியவரைத் துரத்தாமல் விட்டதுதான்.

அடுத்து வருவது பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். நானும் மாட்டிக்கொண்டேன். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், கால் பழகுவதற்கு நாளாகும். ஓடத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தமும் கூடிவிடுகிறது. அதனால்தான் "முன்புபோல மூச்சு வாங்கவில்லையே" என்ற சந்தோஷம் அவ்வளவு சீக்கிரம் வருகிறது. எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். ஓடும்போது ஒவ்வொரு அடியும் உங்கள் எடையைப்போல 2 முதல் 3 மடங்கு விசையோடு விழுகிறது. புதிய சுமைக்கு எலும்பு தன்னைத் தயார்செய்யும்போது முதலில் பழைய பகுதியைக் கரைக்கும், அப்புறம்தான் புதிதாகக் கட்டும். கரைத்ததற்கும் கட்டி முடிப்பதற்கும் இடையில் சில வாரங்கள் அது முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். சரியாக அந்த வாரங்களில்தான் மூச்சு நம்மை "இன்னும் ஓடு, இன்னும் ஓடு" என்று தூண்டும்.

ஏழாவது வாரம் உற்சாகத்தில் மூன்று நாளை ஐந்து நாள் ஆக்கினேன். பத்து நாளில் கணுக்காலுக்கு மேலே, எலும்பின் உட்புற ஓரத்தில் வலி தொடங்கியது. கட்டைவிரலால் அந்த ஓரத்தை அழுத்திக்கொண்டே மேலே போனால் ஒரு சாண் நீளத்துக்கு வலித்தது. ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்பார்கள். இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி நடை மட்டும் வைத்துக்கொண்டேன், பிறகு ஐந்தாவது வாரத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். இப்படிப் பரவலாக வந்து, கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் குறைகிற வலி ஒரு வகை. ஒரே புள்ளியில், விரல் வைத்துக் காட்ட முடிகிற இடத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தால் அது வேறு. எலும்பில் விரிசலாக இருக்கலாம். அதோடு ஓடவே கூடாது, மருத்துவரிடம் போய்விடுங்கள். இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் தொடங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஷூ பற்றிக் கேட்டிருந்தீர்கள். போட்டுப் பார்த்த உடனே காலுக்கு இதமாக இருப்பதை வாங்குங்கள், விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இதற்குமேல் யோசித்து ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம். விலாவில் சுருக்கென்று குத்தினால் நடந்து, மூச்சை நிதானமாக வெளியே விடுங்கள், போய்விடும்.

விடாமல் தொடர்வது எப்படி என்பதற்கு வருகிறேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் இதழில் வெளியானது. ஒரு செயல் யோசிக்காமலே செய்கிற பழக்கமாக ஆகச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது, 18 நாளிலிருந்து 254 நாள்வரை கணக்கிட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது இன்னொரு விஷயம்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அதனால் ஒரு நாள் தவறியதும் "எல்லாம் போச்சு" என்று கைவிடாதீர்கள். தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று ஆப்பில் எண்ணுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த எண் அறுந்த அன்றைக்கே ஓட்டத்தையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் வைத்துக்கொண்ட ஏற்பாடு எளிது. கிழமைகளை மாற்றுவதில்லை, நேரத்தையும் மாற்றுவதில்லை. ஷூ இரவே கதவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். போக மனமில்லாத நாளில் பத்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்திருக்கிறேன். சில நாள் உண்மையாகவே திரும்பியும் வந்திருக்கிறேன், அதையும் ஒரு நாளாகத்தான் எழுதிக்கொள்வேன். நோட்டில் நிமிடம் மட்டும் எழுதுகிறேன். கிலோமீட்டர் எழுதத் தொடங்கினால் நேற்றோடு போட்டி வந்துவிடும், போட்டி வந்தால் வேகம் வந்துவிடும்.

நாளைக்கே தொடங்குவதாக இருந்தால் 5 நிமிடம் நடங்கள். பிறகு 60 விநாடி அந்தச் சின்ன அடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி எட்டு முறை. எட்டாவது முடிந்ததும் இன்னும் இரண்டு சுற்று ஓடலாமே என்று தோன்றும். ஓடாமல் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஒரு நாள் விட்டு அதே நேரத்துக்குக் கிளம்புங்கள்.