எழுத்துக்கூட்டி வாசிக்கும் மகனுக்குக் கணினி உதவுமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் தமிழை இன்னும் எழுத்துக்கூட்டியே வாசிக்கிறான். கணினியில் பயிற்சி கொடுத்தால் சரியாகுமா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: உதவும், ஆனால் தொலைக்காட்சியைப் போல வெறுமனே பார்க்கவிட்டால் பயனில்லை. எழுத்துக்கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிடுவதால், வரியின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோய், பொருள் விளங்காமல் போகிறது. உரையை ஒலியாக்கும் வசதியில் ஒரு பத்தியை மெதுவாக ஒலிக்கவிட்டு, உங்கள் மகன் வரிகளை விரலால் தொடர்ந்தபடி கேட்கட்டும். பிறகு அதே பத்தியைத் தானே வாசித்துப் பதிவுசெய்து கேட்கட்டும். ‘மழை’யை ‘மளை’ என்று வாசித்தது அப்போது அவன் காதிலேயே விழும். (வடசென்னைக்காரர்களான நம்மில் பலருக்கும் இந்தச் சோதனை தேவைதான்!) நாளுக்கு 15 நிமிடம், ஒரே பத்தியை 3 முறை வாசித்தால் போதும்.

படமாக ஏற்றப்பட்ட பக்கங்களைப் பல ஒலிப்புச் செயலிகளால் வாசிக்க இயலாது. ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தில், அதாவது கணினி எழுத்தாகவே அடையாளம் காணும் வடிவில் உள்ள உரையே வேண்டும். பழைய இலக்கியங்கள் இப்போதைக்கு வேண்டாம். கேரம், கால்பந்து என்று அவனுக்குப் பிடித்ததைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன் ஒருமுறை கண் பார்வையைப் பரிசோதித்துவிடுங்கள்.