பதிவு செய்யாத பெயருக்கும் காவல் உண்டு: வாசகர் கேள்வி பதில்

பாம்பனில் பதினான்கு வருடமாக நெத்திலி, வாளைக் கருவாடு பாக்கெட் போட்டு விற்கிறோம். மஞ்சள் கவர், நீல எழுத்து, பாய்மரப் படகு. பெயரைப் பதிவு செய்யவில்லை. போன தையிலிருந்து மதுரைக்காரர் ஒருவர் அதே மஞ்சள், அதே படகோடு, பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் போடுகிறார். பதிவு இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், பாம்பன்

உண்மையில்லை. பதிவு செய்யாத குறிக்காக 'உரிமை மீறல்' வழக்குப் போட முடியாது என்பதுதான் சட்டம். அது 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு. அந்தப் பிரிவின் இரண்டாவது உட்பிரிவைப் பலர் படிப்பதே இல்லை. தன் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று நம்பவைத்து விற்பவர்மேல் வழக்குப் போடும் உரிமையை இந்தச் சட்டம் தொடாது என்று அது சொல்கிறது. வக்கீல்கள் இதைப் 'பாசிங் ஆஃப்' என்பார்கள். அதில் காக்கப்படுவது வெறும் பெயர் அல்ல, உங்கள் கவரைப் பார்த்ததும் கை நீட்டும் வாடிக்கையாளரின் நம்பிக்கை.

நீதிமன்றத்தில் நீங்கள் காட்ட வேண்டியவை மூன்று. அந்தப் பெயருக்கும் கவருக்கும் சந்தையில் ஒரு மதிப்பு உண்டு. எதிராளி செய்வது வாங்குபவரைக் குழப்பும். அதனால் உங்களுக்கு நட்டம் வந்தது, அல்லது வரும். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நிரூபிக்க முடிந்தால் வழக்குக்குப் பலம் கூடும். இரண்டு கவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொடிப்பொடி வித்தியாசம் தேடுவதும் அளவுகோல் அல்ல. முன்பு ஒருமுறை வாங்கியவர், பஸ் கிளம்பப்போகிற அவசரத்தில், அரைகுறை ஞாபகத்தோடு பார்த்தால் ஏமாறுவாரா என்பதே கேள்வி. 'எழுத்து வேறு' என்ற பதில் அங்கே எடுபடாது. நிறமும் அமைப்புமே போதும் என்பதற்கு, சிவப்பு வெள்ளை பல்பொடி டப்பா பற்றிய கோல்கேட்–ஆங்கர் வழக்கில் 2003இல் டெல்லி உயர் நீதிமன்றம் தந்த தடையாணை நல்ல உதாரணம்.

இந்த வழக்குகள் பெரும்பாலும் ஆதாரத்தில்தான் தோற்கின்றன. பதினான்கு வருடம் என்று வாயால் சொன்னால் போதாது. கவர் அச்சடித்த முதல் பில்லைத் தேடுங்கள். உங்களிடம் இல்லையென்றால் அச்சகத்தில் நகல் கேளுங்கள், கவருக்கு அச்சு உருளை (சிலிண்டர்) போட்ட கணக்காவது அவர்களிடம் இருக்கும். உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜிஎஸ்டி கணக்கு, பார்சல் ரசீது, கடைக்காரர்களுக்குப் போட்ட பில், சுவர் விளம்பரத்துக்குக் கொடுத்த பணம் என எல்லாவற்றையும் வருட வாரியாக அடுக்குங்கள். வருட விற்பனைத் தொகையை ஆடிட்டர் சான்றோடு ஒரே பட்டியலாக்குங்கள். பில்லில் கடைப் பெயர் மட்டும் இருந்து பிராண்ட் பெயர் இல்லாமல் போவது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிப்பட்ட பில், பிராண்டை நிரூபிக்காது. இன்றே பில் புத்தகத்தில் பிராண்ட் பெயரைச் சேருங்கள்.

அடுத்து, எதிராளியின் பாக்கெட்டை இரண்டு மூன்று கடைகளில் பில் போட்டு வாங்குங்கள். பிரிக்காமல் வையுங்கள், பேக்கிங் தேதி தெரிய வேண்டும். அலமாரியில் இரண்டும் கலந்து கிடப்பதைப் படமெடுங்கள். 'உங்கள் கருவாட்டில் மண் இருக்கிறது' என்று யாராவது தவறாக உங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால் அது தங்கம். போனை மாற்றும்போது அழித்துவிடாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க, பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும்.

எங்கே வழக்குப் போடுவது? பதிவு செய்த குறியின் உரிமையாளர் தன் ஊரிலேயே போடலாம் என்ற சலுகை 134ஆம் பிரிவில் இருக்கிறது. பாசிங் ஆஃபுக்கு அது கிடையாது. எதிராளி இருக்கும் இடத்திலோ, தவறு நடந்த இடத்திலோதான் போட வேண்டும். உங்களுக்கு மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. போலிப் பாக்கெட் ராமேஸ்வரத்தில் விற்கிறதே, அந்த பஸ் ஸ்டாண்டுக் கடை பில்தான் ராமநாதபுரத்தில் வழக்கை நிற்கவைக்கும். மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழான நீதிமன்றத்தில் இது எடுக்கப்படாது. உடனடி இடைக்காலத் தடை கேட்காமல் வணிக வழக்காகப் போடுவதென்றால், முதலில் சமரச நடைமுறைக்குப் போயாக வேண்டும்.

நோட்டீஸ் அனுப்பினால் ஒரு எச்சரிக்கை: 'எங்கள் பதிவு பெற்ற குறி' என்று எழுத விடாதீர்கள். ஆதாரமில்லாத மிரட்டல் என்று அவரே 142ஆம் பிரிவில் உங்கள்மேல் வழக்குப் போடுவார். இன்னொன்று, தாமதிக்காதீர்கள். நேர்மையில்லாத காப்பிக்குத் தாமதம் மட்டுமே கேடயமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கண்ணெதிரே இரண்டு மூன்று வருடம் விற்க விட்டுவிட்டு அவசரத் தடை கேட்டால், 'இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

படகுப் படத்தை வரைந்தவர் வெளியாள் என்றால், அவரிடம் பதிப்புரிமையை எழுதி வாங்குங்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை, அதிலும் தனியாக ஒரு வழக்கு நிற்கும். பத்திரத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

2011 முதல் ஒரு பெயரில் கருப்பட்டி விற்கிறோம். 2022இல் தொழில் தொடங்கிய ஒருவர் அதே பெயரைப் பதிவு செய்துவிட்டு, நாங்கள் நிறுத்த வேண்டும் என்று நோட்டீஸ் விட்டிருக்கிறார். பெயரை மாற்றிவிடவா?
– ஒரு வாசகி, சாயல்குடி

மாற்றாதீர்கள். சட்டத்தின் 34ஆம் பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. அவர் பயன்படுத்தத் தொடங்கிய நாள், அவர் பதிவு நாள், இந்த இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்து தொடர்ந்து பயன்படுத்துபவரை, பதிவு பெற்றவர் தடுக்க முடியாது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது: பதிவு புதிதாக உரிமையை உண்டாக்குவதில்லை, முந்திப் பயன்படுத்தியவரின் உரிமையே மேல். 'தொடர்ந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு வருடம் மூடிக் கிடந்திருந்தால் அதற்குக் காரணமும் ஆதாரமும் வேண்டும்.

நோட்டீஸை மடித்து வைத்துவிடாமல், முதல் பயன்பாட்டுத் தேதியையும் ஆதாரத்தையும் சொல்லிப் பதில் அனுப்புங்கள். வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் அவருடைய விண்ணப்பத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள், 'பயன்படுத்த உத்தேசம்' என்று போட்டிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. பதிவு முடிந்துவிட்டதால், 57ஆம் பிரிவுப்படி நீக்கக் கோரி பதிவகத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போட வேண்டும். பதிவகத்தின் வணிகக் குறி இதழில் அவர் விண்ணப்பம் வெளியான நான்கு மாதத்துக்குள் கவனித்திருந்தால் எதிர்ப்பு மனுவோடு முடிந்திருக்கும்.

கையோடு நீங்களும் விண்ணப்பியுங்கள். கருப்பட்டி 30ஆம் வகுப்பு, கருவாடு 29. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். படிவம் நிரப்பித் தருபவர் அவசரத்தில் 'பயன்படுத்த உத்தேசம்' என்று போட்டுவிடுவார். அந்த ஒரு வரி உங்கள் 2011ஐ அழித்துவிடும், எதிராளி அதைத்தான் காட்டுவார். முதல் பயன்பாட்டுத் தேதியைப் போட்டு, உறுதிமொழிப் பத்திரமும் பழைய பில்களும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.

'கீழக்கரை தொதல்' என்ற பெயரை எங்கள் கடைக்கு மட்டும் உரிமையாக்க முடியுமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

முடியாது, முடியவும் கூடாது. ஊர்ப் பெயரும் பண்டத்தின் பெயரும் சேர்ந்தது அது. கீழக்கரையில் தேங்காய்ப்பால் காய்ச்சித் தொதல் கிண்டும் எவரும் அப்படிச் சொல்ல உரிமை உள்ளவரே. பண்டத்தையோ இடத்தையோ மட்டும் விவரிக்கும் பெயரை 9ஆம் பிரிவு பதிவுக்கு ஏற்பதில்லை. நெடுங்காலப் பயன்பாட்டால் அது உங்கள் கடையை மட்டுமே குறிக்கிறது என்று காட்டினால்தான் விலக்கு, இந்தப் பெயரில் அது நடக்காத காரியம். முன்னால் உங்களுக்கே உரிய ஒரு சொல்லைச் சேருங்கள். அந்தச் சொல்லையும் பெட்டியின் அமைப்பையும்தான் காக்க முடியும். வெறும் 'ஸ்பெஷல்', 'ஒரிஜினல்' எதையும் காக்காது.

ஊர்ப் பெயரை எல்லோருக்கும் பொதுவாகக் காக்கும் வழி புவிசார் குறியீடு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் அது கிடைத்தது. தொதல் செய்பவர்கள் சங்கமாகச் சேர்ந்தால் அந்த வழியை யோசிக்கலாம்.

பதிவு செய்யாமலே பெயர் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போடலாமா?
– ஒரு வாசகர், மண்டபம்

கூடாது. பதிவு எண் கைக்கு வரும்வரை அது பொய்யான அறிவிப்பு, சட்டப்படி தவறு. நாளை நீங்களே நீதிமன்றம் போகும்போது உங்கள் நேர்மையும் அடிபடும். 'டிஎம்' போடுங்கள், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். விண்ணப்பம் போட்ட மறுநாளே 'ஆர்' அச்சடித்து, ஆயிரக்கணக்கில் கவரை வீணாக்காதீர்கள்.

தொண்டியில் அப்பா நடத்திய ஓட்டலின் பெயரில் அண்ணனும் நானும் தனித்தனியே கடை வைத்திருக்கிறோம். அண்ணன் இப்போது என் போர்டை இறக்கச் சொல்கிறார்.
– ஒரு வாசகர், தொண்டி

கடையின் நற்பெயரும் ஒரு சொத்துதான். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், இடத்தையும் பாத்திரத்தையும் போலவே அதுவும் வாரிசுகளுக்குச் சேரும். பாகப்பிரிவினையில் பெயரைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் ஒருவருக்கு என்று எழுதியிருந்தால் அதுவே முடிவு. எழுதாவிட்டால், முன்னோர் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதை 35ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அண்ணன் கடையே இதுதான் என்று தோன்றும்படி அதே நிறம், அதே எழுத்து, 'வேறு கிளைகள் இல்லை' என்ற வாசகம் வைத்தால் நேர்மை என்ற வாதம் நிற்காது. வழக்குக்குப் போவதற்குள் இருவரும் உட்கார்ந்து, யார் எந்த ஊரில், என்ன அடைமொழியோடு பயன்படுத்துவது என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். சகோதரிகள் இருந்தால் அவர்கள் கையெழுத்தும் வேண்டும்.