மலை ஏறும்போது மட்டும் கொதிக்கும் ஜீப்

கேள்வி: போடியிலிருந்து பூப்பாறை ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். போடிமெட்டு ஏறினால் பாதி மலையிலேயே சூட்டு முள் சிவப்பைத் தொடுகிறது. தேனி சாலையில் எவ்வளவு ஓட்டினாலும் தொல்லையில்லை. ரேடியேட்டர் ஃபேனை எஞ்சினோடு இணைக்கும் ஃபேன் கிளட்சை, வழுக்காமல் இறுகும்படி வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். வைக்கலாமா?

பதில்: வேண்டாம். எத்தனை பேரை ஏற்றுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. தேனி சாலையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி இரண்டாம் கியரில் ஊரும்போது காற்றை இழுக்க ஃபேனை விட்டால் வேறு நாதியில்லை. ஆகவே கிளட்ச் மேல் சந்தேகம் நியாயமானதுதான்.

கிளட்சின் முகப்பில் கொசுவர்த்திச் சுருள் போல ஓர் உலோகப் பட்டை இருக்கும். ரேடியேட்டர் வழியே வரும் காற்று சூடானதும் அது திருகிக்கொண்டு உள்ளிருக்கும் வால்வைத் திறக்கும். ஒதுங்கியிருந்த சிலிக்கோன் எண்ணெய், எஞ்சின் சுற்றும் தட்டுக்கும் ஃபேன் பூட்டிய கூட்டுக்கும் நடுவிலுள்ள வரிப்பள்ளங்களில் பாயும். அந்தப் பிசுபிசுப்புதான் கூட்டை இழுத்துச் சுழற்றுகிறது. இரும்போடு இரும்பு உரசுவதில்லை. காற்று குளிர்ந்தால் வால்வு மூடி எண்ணெய் ஒதுங்கும், ஃபேன் வழுக்கியபடி மெதுவாகச் சுற்றும்.

எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஆறிய வண்டியில் ஃபேனைக் கையால் சுற்றுங்கள். பாகில் கரண்டி விட்டதுபோல் லேசாக இழுக்க வேண்டும். ஒரு தட்டுக்கு மூன்று நான்கு சுற்று ஓடினால் எண்ணெய் போய்விட்டது. மலை ஏறி எஞ்சினை நிறுத்தியதும் மறுபடி சுற்றிப் பாருங்கள். முன்பைவிட நன்றாக இறுகியிருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை மட்டும் அப்போது தொடாதீர்கள். சுருளைச் சுற்றிக் கறுப்புப் பிசுக்கில் தூசி கதிர்கதிராக அப்பியிருந்தால் கசிவு. இறக்கையின் நுனியைப் பிடித்து முன்பின்னாக அசைத்தால் நன்றாக ஆடுகிறதா? பேரிங் போய்விட்டது.

காலையில் கிளப்பியதும் ஓரிரு நிமிடம் ஃபேன் இரைவது கோளாறு அல்ல. இரவில் எண்ணெய் பள்ளங்களில் இறங்கி நிற்பதால் வரும் சத்தம் அது. இதற்குப் பயந்து நல்ல கிளட்சைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

வெல்டிங் வைத்தால் ஏறும்போது சூடு அடங்கக்கூடும். இறங்கும்போதுதான் வினை. கியரில் பிடித்து இறங்குகையில் எஞ்சின் அலறும். வழுக்க வழியில்லாத ஃபேனும் அதே வேகத்தில் சுற்றும். இறக்கை விரிந்து தெறித்தால் ரேடியேட்டரையே கிழிக்கும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், வாட்டர் பம்ப் பேரிங் சீக்கிரம் தேயும்.

புதுக் கிளட்ச் வாங்குமுன் ரேடியேட்டரைப் பாருங்கள். பூச்சியும் சேறும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மென்மையான அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். ஃபேனைச் சுற்றிய கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டறைகளில் இடைஞ்சல் என்று கழற்றி எறிந்துவிடுவார்கள்; அது இல்லாவிட்டால் ஃபேன் எஞ்சின் பக்கத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் சோதியுங்கள், மலிவான சாமான்தான்.

கிளட்சை மாற்றுவதானால், பல வண்டிகளில் அதைப் பூட்டிய நட்டுக்கு இடப்புரி மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும். திசை தெரியாமல் சுத்தியலால் அடித்தால் பம்ப் கெடும். வாங்கிய கிளட்சை வண்டியில் நிற்பதுபோலவே நிமிர்த்தி வையுங்கள். படுக்கப்போட்டால் பூட்டுமுன்பே எண்ணெய் கசியக்கூடும்.