ரோஸ் நிற மார்ஜரினும் ஐந்து சத நல்லெண்ணெயும்

வணக்கம் ஐயா,

போன வாரம் என் மகளின் பிறந்தநாள். எங்கள் பகுதியில் உள்ள ஒரு பேக்கரியில் 'ப்யூர் பட்டர் கேக்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தே வாங்கினேன். சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல ஒட்டிக்கொண்டது. மறுநாள் போய்க் கேட்டேன். கடைசியில் வெண்ணெய்க்குப் பதிலாக மார்ஜரின்தான் போட்டதாக ஒப்புக்கொண்டார்கள். "எல்லாரும் இதைத்தான் சார் போடுகிறார்கள்" என்றும் சொன்னார்கள்.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் மார்ஜரினுக்கு ரோஸ் கலர் சேர்த்துத்தான் விற்கவேண்டும் என்று சட்டம் இருந்ததாக நண்பர் ஒருவர் சொன்னார். உண்மையா? உண்மையென்றால் அதை ஏன் நாமும் கொண்டுவரக் கூடாது? குழந்தை பார்த்தால்கூடக் கண்டுபிடித்துவிடுமே.

அன்புடன்,
ம.க., ஈரோடு

*

அன்புள்ள ம.க.,

உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மேற்கு வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அப்படியொரு சட்டம் இருந்தது. வெண்ணெய்க்குப் பதிலாக விற்கும் எதற்கும் இளஞ்சிவப்பு நிறம் ஏற்றியிருக்க வேண்டும். நீங்கள் ஏமாற்றப்பட்டதில் உங்களுக்கு வந்த கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் அந்தச் சட்டம் மட்டும் இங்கே வேண்டாம். ஏன் என்று சொல்ல, கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் வெண்ணெய் விலை ஏறிக்கிடந்தது. கப்பற்படைக்கும் ஏழைகளுக்கும் மலிவாக, சீக்கிரம் கெடாத ஒரு மாற்று வேண்டும் என்று அரசு பரிசு அறிவித்தது. இப்போலித் மேஜ் மூரியே என்ற வேதியியலாளர் 1869-இல் அதைச் செய்துகாட்டினார். மாட்டுக்கொழுப்பை இளஞ்சூட்டில் உருக்கி, அதிலிருந்து இளகலான பகுதியைப் பிரித்தெடுத்து, பாலோடு சேர்த்துக் கடைந்தார். அதற்கு வைத்த பெயர் ஓலியோமார்ஜரின். 'மார்ஜரின்' என்பது முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் செய்முறை நெதர்லாந்தின் யூர்கன்ஸ் நிறுவனத்துக்குப் போய், சில வருடங்களுக்குள் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது.

அமெரிக்காவில் அதைப் பார்த்துப் பால்பண்ணைக்காரர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருந்தன, அவற்றை நாம் பிரித்துப் பார்த்தாக வேண்டும். ஒன்று, கடைக்காரர்கள் மார்ஜரினை வெண்ணெய் என்று பொய் சொல்லி வெண்ணெய் விலைக்கே விற்றார்கள். உங்களுக்கு நடந்தது அதுதான். இன்னொன்று, மார்ஜரின் என்று உண்மையைச் சொல்லி விற்றாலும் மக்கள் அதை வாங்கினார்கள், ஏனென்றால் விலை குறைவு. முதலாவது மோசடி, இரண்டாவது வெறும் வியாபாரப் போட்டி. 1877-இல் நியூயார்க்கில் வந்த சட்டம் முதலாவதைத்தான் தொட்டது: பெயரைத் தெளிவாக எழுதி விற்கவேண்டும். அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் 1884-இல் அதே நியூயார்க் மார்ஜரினையே தடை செய்தது. மறுவருடம் அந்த மாநில உச்சநிலை நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.

பென்சில்வேனியாவில் நடந்தது எனக்கு இன்னும் வலிக்கிற கதை. அங்கேயும் 1885-இல் முழுத் தடை வந்தது. பவல் என்ற வியாபாரி 'ஓலியோமார்ஜரின் பட்டர்' என்று முத்திரையிட்ட பெட்டியிலிருந்து எடுத்து, இன்ன பொருள் என்று சொல்லியே விற்றார். அரசுத் தரப்பும் அதை மறுக்கவில்லை. தன் சரக்கு சுத்தமானது, உடலுக்குக் கெடுதல் இல்லாதது என்று சாட்சிகளோடு நிரூபிக்கத் தயாராக இருந்தார். அந்தச் சாட்சியத்தைக் கேட்கவே நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1888-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. நீதிபதி ஃபீல்ட் ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். யாரையும் ஏமாற்றாத ஒரு மனிதருக்குத் தண்டனை விழுந்தது.

இதற்கு நடுவே 1886-இல் மத்திய அரசும் இறங்கியது. பவுண்டுக்கு 2 சென்ட் வரி. உற்பத்தியாளருக்கு வருடத்துக்கு 600 டாலர் உரிமக் கட்டணம், மொத்த வியாபாரிக்கு 480, சில்லறைக் கடைக்கு 48. சின்ன மளிகைக்கடைக்காரர் ஒருவர் 48 டாலர் கட்டி மார்ஜரின் விற்பாரா? அதனால்தான் அந்தத் தொகையை வைத்தார்கள்.

அப்புறம் நிறத்துக்கு வந்தார்கள். ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். வெண்ணெய்க்கு மஞ்சள் நிறம் பசும்புல்லில் இருக்கும் கரோட்டினிலிருந்து வருகிறது. கோடையில் புல் மேயும் பசுவின் வெண்ணெய் நல்ல மஞ்சளாக இருக்கும். பனிக்காலத்தில் வைக்கோல் தின்னும்போது வெளுத்துவிடும். நமக்கு இது புதிதல்ல. எருமை வெண்ணெய் வெள்ளையாகவும் பசு வெண்ணெய் மஞ்சளாகவும் இருப்பது சந்தைக்குப் போகும் எவருக்கும் தெரியும். எருமை தான் தின்னும் கரோட்டினை முழுக்க வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடுகிறது, அதனால் அந்த வெள்ளை. அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் பனிக்கால வெண்ணெயை வெளுப்பாக விற்கவில்லை. அனாட்டோ விதைச் சாயமோ கேரட் சாறோ சேர்த்து மஞ்சளாக்கித்தான் விற்றார்கள், சட்டமும் அதை அனுமதித்தது. அதே சாயத்தை மார்ஜரினில் சேர்த்தால் குற்றம்.

மஞ்சள் கூடாது என்று சொன்ன மாநிலங்கள் பல. சில மாநிலங்கள் அதோடு நிற்காமல் இளஞ்சிவப்பைக் கட்டாயமாக்கின. அந்தத் துண்டு ரொட்டியை நினைத்துப் பாருங்கள். வெண்ணெய் வாங்க வழியில்லாத ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளை ரோஸ் நிறக் கொழுப்பைத் தடவிய ரொட்டியைப் பள்ளிக்கூடத்தில் எல்லார் முன்னும் பிரித்துச் சாப்பிட வேண்டும். அந்த நிறம் 'இது வெண்ணெய் இல்லை' என்பதோடு, 'இவர்களால் வெண்ணெய் வாங்க முடியாது' என்பதையும் சொல்லும். நடந்தது இன்னும் எளிமையானது: ஒருவரும் வாங்கவில்லை, சரக்கே கடைக்கு வரவில்லை. சட்டம் போட்டவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

1898-இல் நியூ ஹாம்ப்ஷயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உடைத்தது. நீதிபதி பெக்கம் எழுதிய தீர்ப்பு இன்றும் படிக்கத் தகுந்தது. ரோஸ் நிறம் ஏற்றச் சொல்வது பெயருக்குத்தான் நிபந்தனை, நடைமுறையில் முழுத் தடை என்றார். இன்றைக்கு ரோஸ் என்றால் நாளைக்கு நீலமோ கறுப்போ ஏற்றச் சொல்லலாம், ஏன், உடலுக்குக் கெடுதல் செய்யாத நாற்றம் பிடித்த ஒன்றைக் கலந்துதான் விற்கவேண்டும் என்றுகூடச் சொல்லலாமே என்று கேட்டார். சரி, அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 1902-இல் நாடாளுமன்றம் மஞ்சள் மார்ஜரினுக்கு வரியைப் பவுண்டுக்கு 10 சென்டாக உயர்த்தியது. நிறமில்லாததற்குக் கால் சென்ட்தான். 1904-இல் உச்ச நீதிமன்றம் அந்த வரியை ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு அமெரிக்க வீட்டுப் பெண்கள் வெள்ளைக் கட்டியாக மார்ஜரின் வாங்கி, கூடவே தந்த சாயப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, கிண்ணத்தில் போட்டுக் கையால் பிசைந்து மஞ்சளாக்கினார்கள். பிறகு சாயக் குமிழ் உள்ளேயே வைத்த பை வந்தது. குமிழை உடைத்துப் பையோடு பிசைய வேண்டும். இரண்டாம் உலகப்போரில் வெண்ணெய்க்கு ரேஷன் வந்தபோது இது இன்னும் பல வீடுகளுக்குள் நுழைந்தது. பிள்ளைகளுக்கு விளையாட்டு, தாய்மாருக்குக் கைவலி. இதற்குள் மாட்டுக்கொழுப்பு போய், பருத்திக்கொட்டை எண்ணெயும் சோயா எண்ணெயும் வந்திருந்தன. அந்தப் பயிர்களை விளைவித்த விவசாயிகளும் ஓட்டுப்போடுகிறவர்கள்தானே. 1950 மார்ச்சில் ட்ரூமன் கையெழுத்திட்டு மத்திய வரியை நீக்கினார்.

விஸ்கான்சின் மட்டும் 1967 வரை மஞ்சள் மார்ஜரினை அனுமதிக்கவில்லை. அது பால்பண்ணை மாநிலம். மக்கள் பக்கத்து இல்லினாய்ஸுக்குக் கார் ஓட்டிப்போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தார்கள். அங்கே கார்டன் ரோஸ்லீப் என்ற மாநில செனட்டர் மார்ஜரினைக் கடைசிவரை எதிர்த்தவர். எது வெண்ணெய் என்று ருசித்துச் சொல்லும் சோதனையில் அவரே கலந்துகொண்டு, தவறாகச் சொல்லிவிட்டார். அவர் உடல்நலத்துக்காக வீட்டில் அவருக்குத் தெரியாமல் வெகுநாளாக மார்ஜரினையே வைத்து வந்தார்கள் என்பது பிற்பாடு தெரியவந்தது. கனடாவில் 1886-இலிருந்து 1948 வரை, முதல் உலகப்போரை ஒட்டிய சில வருடங்கள் தவிர, மார்ஜரினே கூடாது. கியூபெக் மாகாணத்தில் மஞ்சள் நிறத் தடை நீங்கியது 2008-இல்தான்.

இப்போது உங்கள் கேள்வியின் மறுபாதி. ரோஸ் வேண்டாம் என்றால் மோசடியை எப்படித்தான் பிடிப்பது? இதற்கு ஜெர்மனி 1897-இல் ஒரு வழி கண்டது. மார்ஜரினில் உள்ள எண்ணெய், கொழுப்பில் பத்தில் ஒரு பங்கு எள்ளெண்ணெய் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. காரணம், எள்ளெண்ணெய்க்கு என்று ஒரு தனி அடையாளம் உண்டு. கொஞ்சம் சர்க்கரை கலந்த அடர்த்தியான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்துக் குலுக்கினால் அமிலம் சிவக்கும். இதற்குப் போதுவான் (Baudouin) சோதனை என்று பெயர். சர்க்கரைக்குப் பதில் ஃபர்ஃப்யூரல் என்ற வேதிப்பொருளையும் பயன்படுத்துவார்கள். வெண்ணெயில் ஒருவர் மார்ஜரினைக் கலந்திருந்தால், சோதனைக்குழாயில் அந்தச் சிவப்பு வந்து காட்டிக்கொடுத்துவிடும். மார்ஜரின் என்று சொல்லி விற்பவருக்கும் தெரிந்து வாங்குபவருக்கும் இதனால் எந்த இடைஞ்சலும் இல்லை. அவர்கள் தட்டில் நிறம் மாறாது, ருசி மாறாது.

இந்தியாவும் அந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டது என்பது பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் 1937-இல் டால்டா வந்த பிறகு நெய்யில் வனஸ்பதியைக் கலப்பது பெரிய பிரச்சினையானது. காந்தி ஹரிஜனில் வனஸ்பதிக்கு எதிராக எழுதினார். அதற்கு நிறம் ஏற்றவேண்டும், தடையே செய்யவேண்டும் என்ற குரல்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தன. கடைசியில் நம் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளில் நின்றது, வனஸ்பதியிலும் மார்ஜரினிலும் குறைந்தது 5 சதவீதம் எள்ளெண்ணெய் இருக்கவேண்டும் என்பது. நாம் இட்லிப் பொடிக்கு ஊற்றும் அதே எண்ணெய்தான், அங்கே உளவாளியாக உட்கார்ந்திருந்தது. அமெரிக்கச் சட்டம் சிவப்பை ஏழையின் தட்டில் பூசியது. இந்தச் சட்டம் சிவப்பைப் பரிசோதகரின் குழாய்க்குள் வைத்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

எங்கள் வீட்டில் மஞ்சள் டால்டா டின் எப்போதும் இருந்தது. பாட்டி அதில் பூரி பொரித்தாள், யார் கேட்டாலும் டால்டா என்றே சொன்னாள். ஒருமுறை அத்தையின் வளைகாப்புக்குத் தெரிந்த கடையில் நெய் வாங்கினோம். பாட்டி ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். ஒன்றும் பேசாமல் தூக்கோடு கடைக்கு நடந்தாள், நானும் கூடப் போனேன். "டால்டான்னு சொல்லிக் குடுத்திருந்தா டால்டா காசு குடுத்திருப்பேனே" என்று மட்டும் சொன்னாள். அவள் குரல் உடைந்திருந்தது. அந்தக் காசைச் சேர்க்க அவளுக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நிறத்தைப் பற்றி இத்தனை வருடம் சண்டை போட்டார்கள். ஆனால் திரவ எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றி இறுக்கும் முறைக்கு 1902-இல் வில்ஹெல்ம் நார்மன் காப்புரிமை பெற்ற பிறகு, மார்ஜரினுக்குள்ளும் வனஸ்பதிக்குள்ளும் ஒரு நிஜமான கெடுதல் வந்து சேர்ந்தது. டிரான்ஸ் கொழுப்பு. இதயத்துக்கு அது செய்யும் தீங்கு 1990-களில்தான் உறுதியாகத் தெரிந்தது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அதற்கு உச்சவரம்பு 2021-இல் 3 சதவீதம், 2022-இலிருந்து 2 சதவீதம். ரோஸ் சட்டம் நூறு வருடம் நீடித்திருந்தாலும் இதைப் பிடித்திருக்காது. அளவைக் குறித்து, சோதித்து, மீறினால் தண்டிக்கும் சட்டம்தான் பிடிக்கும்.

உங்கள் பேக்கரிக்கு வருகிறேன். மார்ஜரினில் கேக் செய்வது தவறில்லை. மார்ஜரினில் செய்துவிட்டு 'ப்யூர் பட்டர்' என்று எழுதி, அதற்கு விலையும் கூட்டியது தவறு. பொட்டலத்தில் விற்பதென்றால் பின்பக்கத்தில் சேர்மானங்களை எழுதியாக வேண்டும். வனஸ்பதி, மார்ஜரின், பேக்கரி ஷார்ட்டனிங், தாவரக் கொழுப்பு என்ற சொற்களைப் பாருங்கள். எடை போட்டுத் தருகிற கடையில் அந்த வசதி இல்லை, வாய்விட்டுத்தான் கேட்கவேண்டும். மறுபடி போய், பலகையை மாற்றுங்கள் அல்லது வெண்ணெய் போடுங்கள் என்று நிதானமாகச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் பில்லோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மாதிரி எடுத்துச் சோதிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. தயங்க வேண்டாம்.

மகளுக்கு என் பிறந்தநாள் வாழ்த்துகள்.