இடுப்பில் ஆறு முள்ளெலும்பு: குறைபாடா?

எக்ஸ்ரே அறிக்கையில் ஐந்துக்குப் பதில் ஆறு இடுப்பு முள்ளெலும்புகள், விலா எலும்பு 11 ஜோடிதான் என்று பார்த்துவிட்டுப் பயந்திருக்கிறீர்கள். இரண்டையும் தனித்தனிக் கோளாறாக எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது ஒரே சங்கதி.

மார்பில் விலா தாங்கும் முள்ளெலும்பு 12, இடுப்பில் 5 என்பது வழக்கமான கணக்கு. கூட்டினால் 17. உங்களுடையது 11, 6, அதுவும் 17தான். எலும்பு கூடவில்லை, எல்லைக்கோடு ஒரு படி மேலே நகர்ந்திருக்கிறது. எந்த முள்ளெலும்பு விலா தாங்க வேண்டும் என்பதைக் கருவிலேயே ஹாக்ஸ் மரபணுக்கள் வகுத்துவிடுகின்றன. அந்த எல்லை சற்று நகர்ந்தால் அக்கம்பக்கத்து எலும்புகளின் வடிவமும் சேர்ந்தே மாறும்.

பரிணாமமும் இந்த எல்லைகளில்தான் விளையாடியிருக்கிறது. சிம்பன்சிக்குப் பொதுவாக மார்பில் 13, இடுப்பில் மூன்று நான்குதான். நிமிர்ந்து நடக்கும் நமக்கு வளையக்கூடிய நீண்ட இடுப்புப் பகுதி. பாலூட்டிகளின் கழுத்தெலும்பு எண்ணிக்கை மட்டும் மாறாது: ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான் (மரத்தில் தொங்கும் ஸ்லாத், மனாட்டீ என்ற கடற்பசு வகை விதிவிலக்கு). இன்னொன்று, 1984இல் கென்யாவில் கிடைத்த 'துர்கானா சிறுவன்' என்ற ஆதிமனிதனின் எலும்புக்கூட்டுக்கே இடுப்பு முள்ளெலும்பு முதலில் ஆறு என்று எண்ணி, பிறகு ஐந்து என்று திருத்தினார்கள். எண்ணுவது அத்தனை சுலபமில்லை!

சரி, முதுகு வலி இருந்தால் அதற்கு இதுதான் காரணமா? இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பலருக்குத் தொந்தரவே இருப்பதில்லை. ஆனால் முதுகில் ஊசியோ அறுவையோ என்று பேச்சு வந்தால் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். எண் மாறினால் வேறு இடத்தில் கைவைக்க வாய்ப்புண்டு.