மண்டகப்படிக்கு ஆள் வேண்டும்

அன்புள்ள ஐயா,

நகரமைப்பில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் மதுரை. தல்லாகுளத்தில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் தாத்தா வீடு இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அதை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே வந்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது ஒரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது.

'நிலைத்த நகர வளர்ச்சியில் பண்பாட்டு மரபும் சமூக உறவுகளும்' என்பது என் ஆய்வுத் தலைப்பு. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 11.4 மரபுச் செல்வங்களைக் காப்பதை வலியுறுத்துகிறது. மலேசியாவின் ஜார்ஜ் டவுன் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்து இன்று எவ்வளவு அழகாக இருக்கிறது! நம் ஊரிலோ புதுமண்டபத்துத் தூண்களில் ஆணியடித்துக் கடை போட்டிருந்தார்கள். வைகையில் குப்பை. நம் மக்களுக்கு மரபு பற்றிய விழிப்புணர்வே இல்லை. அதை உண்டாக்க என்ன செய்யலாம்? கீழடி போல மதுரைக்குள்ளும் ஒரு அருங்காட்சியகம் வந்தால் மாறுமா? என் வழிகாட்டி பழைய கட்டடங்களின் பட்டியல் ஒன்று தயாரிக்கச் சொல்கிறார். நான் என்ன படிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மதிச்சியத்தில் எங்கள் பழைய வளவில், அதாவது ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருந்த இடத்தில், குடியிருந்த அண்ணன் ஒருவர் போன் செய்திருந்தார். சித்திரைத் திருவிழாவில் வைகைக்கு வரும் அழகரை வழியில் நிறுத்தி வரவேற்க எங்கள் சந்துக்காரர்கள் வைக்கும் மண்டகப்படி பற்றிய பேச்சு. பணத்துக்குக் குறைவில்லையாம். வெளியூர் போனவர்கள் எல்லாம் ஜிபேயில் போட்டுவிட்டார்கள். "பந்தல்ல நிக்கத்தான்ப்பா ஆள் இல்ல" என்றார். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நகரத்தைப் பற்றி எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து இதைத்தான் சொல்கிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்த ஊரைப் பற்றி நாலு தலைமுறையாகத் தெரிந்தவர்களைப் பார்த்து, படிப்பு முடிக்காத நீங்கள் இப்படி எழுதலாமா?

புதுமண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. அதில் பாத்திரக்கடை, புத்தகக்கடை, வளையல்கடை, அப்புறம் வரிசையாகத் தையல் மெஷின்கள். என் சின்ன வயதில் வளவில் இருந்த ஒரு மாமா, மூட்டை தூக்குகிறவர், அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவதாக வேண்டிக்கொண்டு உடுப்புத் தைக்கப் போனார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். தையல்காரர் நாடாவை எடுக்கும் முன்பே கேள்வியை ஆரம்பித்துவிட்டார். "திரி எடுக்கவா, தண்ணி பீச்சவா? இந்த ஒரு வருஷமா, வருஷா வருஷமா?" அழகர் விழாவில் திரியெடுத்து ஆடுகிறவர் உண்டு, திரி இல்லாமல் ஆடுகிறவர் உண்டு, சாட்டை அடித்து ஆடுகிறவர் உண்டு, தோல் துருத்தியில் தண்ணீர் தெளிக்கிறவர் உண்டு. உடுப்பும் ஆளுக்கு ஆள் மாறும். துருத்தியைத் தோளில் மாட்டி ஓட வேண்டியவருக்குச் சல்லடம் என்கிற அரைக்கால் உடுப்பு முட்டிக்கு மேலே நிற்க வேண்டும், கையில் வெட்டு அகலமாக இருக்க வேண்டும். மாமா ஒன்றும் சொல்லவில்லை. தையல்காரரே அளவெடுத்துக்கொண்டு, சரிகை எந்த இடத்தில் வைத்தால் தண்ணீரில் சீக்கிரம் பிய்ந்துவிடும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். எந்த ஊர்க்காரர்கள் எந்தத் துணியில் தைப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். அவருக்கு நீங்கள் என்ன விழிப்புணர்வை ஊட்டப்போகிறீர்கள்?

ஆணி அடித்தது உண்மைதான். எண்ணெய்ப் பிசுக்கும் உண்மைதான். 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வீர வசந்தராயர் மண்டபம் தீப்பிடித்து எரிந்த பிறகு, மண்டபங்களில் கடை இருப்பது எவ்வளவு ஆபத்து என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுமண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்தில் கட்டிய வளாகத்துக்கு மாற்றியதை நான் ஆதரிக்கிறேன். சிற்பம் பிழைத்தது. கடைக்காரர்களும் ஊருக்கு வெளியே எங்கேயோ தூக்கி எறியப்படாமல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். மண்டபத்தையும் தையல்காரரையும் சேர்த்தே நினைத்தால் இப்படி ஏதாவது ஒரு வழி கிடைக்கும். உங்கள் கடிதத்தில் தூண் இருக்கிறது, ஆணி இருக்கிறது, ஆள் இல்லை.

வைகைக் குப்பைக்கு நீளமான பதில் தேவையில்லை. ஆற்றில் விழும் சாக்கடைகளை மக்கள் வெட்டிவிடவில்லை. 11.4 பற்றியும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கீழடியில் மண்ணுக்குள் இருந்ததை எடுத்தார்கள், அதற்கு அருங்காட்சியகம் வேண்டும், கட்டினார்கள். தல்லாகுளத்துக்கு எதற்கு?

ஜார்ஜ் டவுனை மட்டும் விடமுடியாது. 2008-ஐச் சொன்ன நீங்கள் அதற்கு எட்டு வருடம் பின்னால் போய்ப் பார்த்திருக்க வேண்டும். 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு மலேசியாவில் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அது நீங்கியது. தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்த தையல்காரர்கள், தச்சர்கள், பலகாரம் போடுகிறவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். நீங்கள் ரசித்த அழகில் பாதி, ஆள் போன வீடுகளுக்குள் வந்த விடுதிகளும் காப்பிக்கடைகளும். யுனெஸ்கோ வந்தபோது கட்டடம் இருந்தது, குடியிருந்தவர்களில் கணிசமானவர்கள் போய்விட்டிருந்தார்கள். சூலியா தெரு என்று நம் தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கிய தெரு அங்கே உண்டு. அதில் இன்று யார் தங்குகிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள், படிக்கிறேன்.

நமக்கும் அந்தக் கதை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூலம் ஒப்பந்தம் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும். எங்கள் வளவில் யாரிடம் ஒப்பந்தம் இருந்தது? வாடகை வாய்ச்சொல்லில் ஓடியது. வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. வரும் வாடகையில் ஓடு மாற்றக்கூட முடியாது. அப்பா போனபின் நாலு பிள்ளைகளுக்குப் பாகம் என்றால், துண்டு போட முடியாத வீட்டை விற்கத்தான் முடியும். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பதால் லேபும் லாட்ஜும் கேட்ட விலை கொடுக்கும். உங்கள் தாத்தா வீடு ஸ்கேன் சென்டர் ஆனது இப்படித்தான் இருக்கும். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். அதை முகவரி சொல்வதுபோல எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். விற்றது தப்பு என்று நான் சொல்லவில்லை, உங்கள் வீட்டாரை நோக அடிக்கவும் விரும்பவில்லை. ஆனால் ஆய்வு அங்கே தொடங்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். அழகர்கோயிலில் இருந்து கிளம்பும் அழகர் நானூற்றுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார். சில மண்டகப்படிக்குக் கல்மண்டபம் உண்டு. பலவற்றுக்கு நாலு மூங்கிலும் ஒரு பந்தலும்தான். எங்களுடையது பந்தல். பல்லக்கு நிற்பது சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்துக்கு எவ்வளவு வேலை தெரியுமா? கோயிலுக்குப் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். வாழைமரம் கட்ட வேண்டும். பானகத்துக்கு வெல்லம் தட்டி ஊறப்போட வேண்டும், மோருக்கு மூன்று வீட்டில் தயிர் தோய்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, அழகர் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். ராத்திரி பத்து மணி என்பது விடிகாலை மூன்று மணியாகும். முந்தின மண்டகப்படியில் ஏறிவிட்டார் என்று ஒரு பையன் ஓடிவந்து சொன்னதும், திண்ணையில் படுத்திருந்தவர்கள் எழுந்து முகம் கழுவி, கோலத்தில் மிதித்த இடத்தைச் சரிசெய்து, சூடம் எடுத்து வைப்பார்கள். பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் புறநகர் பிளாட்டில் இருப்பவரால் இதைச் செய்ய முடியாது. அவருக்குப் பக்தி குறையவில்லை, மரபு மறக்கவில்லை, பணமும் போட்டுவிட்டார். ஆனால் மூன்று மணிக்கு எழுப்பினால் எழுந்துவரும் தூரத்தில் அவர் வீடு இல்லை. எங்கள் மண்டகப்படி நின்றுபோனால் இந்தத் தூரத்தால்தான் நிற்கும்.

விழா ஒரு வாரச் சமாசாரம், இதற்கும் நகர வளர்ச்சிக்கும் என்ன என்று உங்கள் வழிகாட்டி கேட்கலாம். 2020-லும் 2021-லும் அழகர் ஆற்றுக்கு வரவே இல்லை. அந்த 2020 ஊரடங்கில், நான் சொன்ன அண்ணன் மண்டகப்படிக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்கும் தலைக்கட்டு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் தினக்கூலி, எந்தக் கிழவிக்கு யாருமில்லை என்பதெல்லாம் வரி வசூலித்த கணக்கில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அரிசியும் பருப்பும் போனது. எந்த அலுவலகத்தின் பட்டியலும் வருவதற்கு முன்னால் அது நடந்தது. வரி கொடுக்க முடியாதவர்கள் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கும், ஏன் என்று எழுதியிருக்காது. அந்தக் கோடு போட்ட வீடுகளுக்கு முதலில் கொடுத்தார். நீங்கள் தலைப்பில் வைத்திருக்கும் சமூக உறவு என்பது இந்த நோட்டில் இருக்கிறது, எஸ். எங்கள் சந்தில் பாதிப்பேர் காலி செய்த பிறகு அந்த நோட்டுக்கு என்ன மதிப்பு?

2022-ல் விழா திரும்பி வந்தபோது ஆற்றில் நெரிசலில் இருவர் செத்தார்கள். வைகையின் இரு கரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்ட பிறகு ஆற்றில் இறங்கும் வழிகளை யாரிடம் கேட்டு முடிவு செய்தார்கள் என்று எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. மதிச்சியத்துக் கிழவர்களுக்கு எந்தப் பக்கம் கூட்டம் திரும்பும் என்று தெரியும்.

எல்லாமே கைவிட்டுப் போயிற்று என்று அழச்சொல்லவில்லை. புதுச்சேரியில் வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமும் உள்ள தமிழ் வீடுகளை எடுத்துக் கட்டினார்கள். வீட்டுக்காரர் ஒரு பங்கு போட, திட்டத்தில் இருந்து ஒரு பங்கு வந்தது. வீட்டின் முகப்பு திரும்பியது, 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் கிடைத்தது. அந்தப் பணத்தோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்கலாம் என்பது என் கட்சி: குடியிருப்பவரைப் பத்து வருடம் காலி செய்யச் சொல்லாத வீட்டுக்காரருக்குப் பழுதுபார்க்கும் செலவில் பாதி, சொத்துவரியில் தள்ளுபடி. கூட்டங்களில் இதைப் பலமுறை பேசியிருக்கிறேன். கல்லுக்குக் கொடுக்கும் பணத்தை ஆளுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஆலோசகர் என்னிடமே கேட்டார். உங்களையும் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரவைப்பார்கள். அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

படிக்க என்ன என்று கேட்டிருந்தீர்கள். தொ. பரமசிவன் அழகர் கோயில் பற்றிச் செய்த ஆய்வைப் படியுங்கள். எந்தச் சாதிக்கு, எந்த ஊருக்கு அந்தக் கோயிலில் என்ன உறவு என்று நேரில் போய்க் கேட்டு எழுதியது. தேனூரில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் மதுரைக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். வண்டியூர்ப் பக்கம் இருக்கும் மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். விழாவை இடம் மாற்றும்போதும் பழைய ஊருக்கு ஒரு இடம் வைக்கத் தெரிந்திருக்கிறது.

வழிகாட்டி கட்டடப் பட்டியல்தான் வேண்டும் என்றால் சண்டை போடாதீர்கள், பட்டியலே கொடுங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் நேரே மூன்று கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: 2000-ல் இங்கே எத்தனை குடும்பம் இருந்தது, இன்று எத்தனை, போனவர்கள் எந்த வருடம் என்ன காரணத்தால் போனார்கள். முதல் வரிசையில் உங்கள் தாத்தா வீட்டைப் போடுங்கள். அப்பாவிடமும் அத்தைமார்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் வாங்கிப் பாருங்கள். முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.