மட்டக்களப்பில் பாவித்த கேமரா லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர், அதனால் முதலில் பூஞ்சணம். இரு மூடியையும் கழற்றி, அப்பச்சரை (ஒளி நுழையும் துவாரத்தை) முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டோர்ச் அடித்துச் சரித்துப் பாருங்கள். சிலந்திவலை போலக் கிளைவிட்ட இழை தெரிந்தால் விலையே பேச வேண்டாம்; துடைத்தாலும் கண்ணாடிப் பூச்சு அரிபட்ட தடம் போகாது. நாலைந்து தூசிக்குப் பயப்படத் தேவையில்லை. முன்கண்ணாடிக் கீறலைவிடப் பின்கண்ணாடிக் கீறல்தான் படத்தைக் கெடுக்கும்.

பிறகு கேமராவில் மாட்டி, மெனுவல் முறையில், துவாரம் சிறிதாகும் எஃப்/16 அளவில் ஒரே இடத்தைத் தொடர்ந்து பத்துப் படம் எடுங்கள். வெளிச்சம் கூடிக் குறைந்தால் அப்பச்சர் தகடுகளில் எண்ணெய் ஒட்டியிருக்கலாம்.

தோல் உறையில் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சணத்துக்கு அது விருந்து. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி போதும். ஈரப்பதம் 40–50 வீதத்தில் நிற்கட்டும். மாரி மழைக்காலத்தில் ஜெல்லை அடிக்கடி காயவைக்க வேண்டும்.